நெஞ்சில் ஏறி இருப்பது பிசாசா?

வாசகர் கேள்வி:

டொக்டர், நாங்கள் பாலையூற்றில் இருக்கிறோம். கத்தோலிக்கக் குடும்பம். மூத்த மகள் இந்த வருடம் உயர்தரம் எடுக்கிறாள். இரண்டு மாதமாக இடைக்கிடை விடியப்புறத்தில் விழிப்பு வருகிறதாம். கண் திறந்திருக்கும், ஆனால் கை கால் அசைக்க முடியாது, கத்தவும் முடியாது என்கிறாள். கதவடியில் கறுப்பாக ஒரு உருவம் நிற்கும், பிறகு வந்து நெஞ்சில் ஏறி இருக்கும் என்கிறாள். என் அக்கா சில வருடங்களுக்கு முன் வேறொரு சபைக்குப் போய்விட்டார். பிள்ளை சிநேகிதிகளோடு கோணேசர் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசினதால் பிசாசுக்குக் கதவைத் திறந்துவிட்டாள், தங்கள் பாஸ்டரைக் கொண்டு மூன்று நாள் உபவாசம் வைத்து விடுதலை ஜெபம் செய்ய வேண்டும் என்று அவர் நிற்கிறார். என் கணவர் விஞ்ஞான ஆசிரியர், பகுத்தறிவாளர் கோவூரைப் படித்து வளர்ந்தவர். பிசாசும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, படிக்கப் பஞ்சி, நடிக்கிறாள் என்று சிரிக்கிறார். பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் வாயே திறப்பதில்லை. இப்போது லைட்டை அணைத்தால் படுக்க மாட்டேன் என்கிறாள். எனக்கு ஒரு பதில் வேண்டும். பிசாசு உண்டா, இல்லையா?

ஒரு தாய், திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி. கடிதத்தில் இருப்பது இரண்டு. பிசாசு என்று ஒன்று உண்டா என்பது ஒன்று, உங்கள் மகளுக்கு விடியப்புறத்தில் என்ன நடக்கிறது என்பது மற்றது. அக்காவும் உங்கள் கணவரும் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பிசாசு உண்டு, ஆகவே பிள்ளையில் பிசாசு என்கிறார் அக்கா. பிசாசு இல்லை, ஆகவே பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்கிறார் அவர். இரண்டு ‘ஆகவே’யும் பிழை. மகளின் விஷயத்தில் என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதால் அதிலேயே தொடங்குகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் தூக்க முடக்கம். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். நாம் கனவு காணும் கட்டத்தில் மூளை கை கால் தசைகளுக்குப் போகும் கட்டளைகளை நிறுத்தி வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடத் தொடங்கிவிடுவார். கண்ணும் மூச்சும் மட்டும் அந்தத் தடைக்குள் வருவதில்லை. வழமையாக விழிப்பு வரும்போது தடையும் விலகிவிடும். சில வேளைகளில் விழிப்பு முந்திக்கொள்கிறது. நங்கூரம் தூக்குமுன்னே எஞ்சினை இயக்கிவிட்ட வள்ளம் மாதிரி, இரைச்சல் எல்லாம் இருக்கும், நகர முடியாது. சில வினாடிகள், மிஞ்சிப்போனால் சில நிமிடங்கள். பிறகு தானாகவே விட்டுவிடும்.

நெஞ்சில் பாரம் ஏன்? அந்தக் கட்டத்தில் விலா எலும்புகளை அசைக்கும் தசைகளும் தளர்ந்துதான் இருக்கின்றன. மூச்சை நடத்துவது பெரும்பாலும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசை. பயத்தில் ஆழமாக மூச்சை இழுக்கப் பார்ப்பார்கள், நெஞ்சு விரியாது. யாரோ ஏறி இருக்கிற மாதிரியே இருக்கும். உருவம் ஏன்? கனவு கட்டத்தில் மூளையின் ஆபத்தை உணரும் பகுதி நன்றாக விழித்துக்கொண்டு வேலை செய்கிறது, கனவும் இன்னும் முடியவில்லை. கண்ணோ திறந்திருக்கிறது. ஆகவே கதவும் அலுமாரியும் உண்மையானவை, கதவடியில் நிற்பவர் கனவிலிருந்து வந்தவர். இரண்டும் ஒரே காட்சியாகத் தெரிகின்றன. உங்கள் மகள் நடிக்கவில்லை. அவள் அதைக் காண்கிறாள், அந்தப் பயம் முழுக்க உண்மையானது. இதை அவளுடைய அப்பாவுக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

இது அபூர்வமான ஒன்றும் அல்ல. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் வெளியான ஒரு தொகுப்பில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்தவர்கள் பொதுமக்களில் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தார்கள். மாணவர்களை மட்டும் எடுத்தால் 28 பேர். தூக்கம் குறைவது, நேரம் மாறி மாறிப் படுப்பது, மல்லாந்து படுப்பது, மனதில் பாரம், இவையெல்லாம் இதைக் கொண்டு வரும். உயர்தரம் எடுக்கும் பிள்ளையின் இரவும் பகலும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவு தாண்டிப் படிப்பு, விடியக் கருக்கலில் ரியூசன், பகலில் கிடைத்த நேரத்தில் ஒரு குட்டித் தூக்கம்.

இனி உங்கள் பெரிய கேள்வி. நான் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை, ஓய்வுநாட் பாடசாலையில் படித்துத்தான் வந்தேன். தொழிலோ மனநல மருத்துவம். இரண்டு பக்கத்துச் சண்டையும் எனக்குப் புதிதல்ல.

உங்கள் கணவர் பக்கம் பலமான வாதங்கள் இருக்கின்றன. அவர் அவற்றைச் சொல்லாமல் சிரிக்கிறார், அதுதான் குறை. முதலாவது, வரும் உருவம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாறுகிறது. இதே முடக்கத்தோடு கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளை ஜின் என்கிறது, சாம்பல்தீவுப் பிள்ளை முனி என்கிறது, பாலையூற்றுப் பிள்ளை சாத்தான் என்கிறது. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் ஏறுவாள். யப்பானில் இதற்குக் கனஷிபாரி என்று பெயர். ஹென்றி பியூஸ்லி என்ற ஓவியர் 1781இல் வரைந்த ஒரு படத்தில், உறங்கும் பெண்ணின் நெஞ்சில் ஒரு குட்டிச் சாத்தான் குந்தியிருக்கும். (அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டிவிடாதீர்கள், ஆதாரம் என்பார்.) உடம்பில் நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றே. அதற்கு உடுப்பும் பெயரும் கொடுப்பது நாம் சிறுவயதில் கேட்ட கதைகள்.

இரண்டாவது, வேதாகமத்துக்குள்ளேயே பிசாசு ஒரே மாதிரி இல்லை. யோபுவின் கதையில் சாத்தான் கடவுளின் சபைக்கு வந்து போகிறான், அனுமதி வாங்கித்தான் எதையும் செய்கிறான். ஏதேன் தோட்டத்துப் பாம்பைப் பிசாசு என்று தொடக்கநூல் எங்கும் சொல்லவில்லை. அந்த அடையாளம் வெளிப்பாட்டு நூலில்தான் தெளிவாக வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தாவீது மக்கள்தொகையைக் கணக்கெடுத்த கதை. சாமுவேல் இரண்டாம் நூல் 24ஆம் அதிகாரத்தில் தாவீதைத் தூண்டியவர் கடவுள். அதே சம்பவத்தைப் பின்னால் எழுதிய குறிப்பேடு முதல் நூல் 21ஆம் அதிகாரத்தில் தூண்டியது சாத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தீய தூண்டுதலைக் கடவுளின் கணக்கில் வைக்க மனம் ஒப்பாத ஒரு தலைமுறை, அதை வேறொருவர் கணக்குக்கு மாற்றியிருக்கிறது என்று வரலாற்றாசிரியர் பலர் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் இப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். மின்விளக்கையும் வானொலியையும் பாவித்துக்கொண்டு, புதிய ஏற்பாட்டின் ஆவி உலகத்தை அப்படியே நம்ப முடியாது என்று 1941இல் சொன்னவர் ருடோல்ஃப் புல்ட்மன். அவர் நாத்திகர் அல்ல, ஜெர்மனியின் லூத்தரன் இறையியலாளர். கத்தோலிக்கரில் ஹேர்பேர்ட் ஹாக் பிசாசுக்கு விடைகொடுக்கச் சொல்லி 1969இல் ஒரு நூலே எழுதினார், திருச்சபைக்குள் பெரிய சச்சரவானது.

அப்புறம் கோவூர். ஆபிரகாம் கோவூர் கேரளத்தில் ஒரு மார்த்தோமா சபைக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி உட்படப் பல இடங்களில் தாவரவியல் படிப்பித்தவர். இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தியை மோசடி இல்லாத நிலையில் காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. இதெல்லாம் உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் கோவூர் செய்த இன்னொரு வேலையை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. பேய் பிடித்தது என்று சொன்ன வீடுகளுக்குக் கோவூர் போனார். பாதிக்கப்பட்டவரோடு தனியாக இருந்து நெடுநேரம் கதைத்தார், என்ன துயரம், எங்கே பயம் என்று துருவினார், அறிதுயில் முறையால் சிகிச்சையும் செய்தார். நடிக்கிறாள் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவரைக் கோவூரின் சீடர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, மற்றப் பக்கம்.

பிசாசு உண்டு என்பது உங்கள் திருச்சபையின் போதனை, அதை மழுப்புவதில் பயனில்லை. உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில் சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமி கேட்க, நீங்கள் மெழுகுதிரியோடு நின்று பதில் சொல்கிறீர்கள். இயேசு பாலைவனத்தில் சோதிக்கப்பட்டதையும் பேய்களை ஓட்டியதையும் எடுத்துவிட்டால் நற்செய்திகளில் பெரிய ஓட்டை விழும். 1215இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இதை வரையறுத்தது: பிசாசும் மற்றப் பேய்களும் கடவுளால் நல்லவையாகவே படைக்கப்பட்டன, தாமாகவே தீயவை ஆயின. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல், பிசாசு வெறும் உருவகம் அல்ல, உண்மையான ஒன்று என்று பகிரங்கமாகவே பேசினார்.

லாத்தரன் சங்கம் சொன்னதை இன்னொருமுறை பாருங்கள். பிசாசு ஒரு படைப்பு. கடவுளுக்கு எதிரே நிற்கும் இன்னொரு கடவுள் அல்ல. அதன் வல்லமைக்கு எல்லை உண்டு என்று கத்தோலிக்க மறைக்கல்வியும் சொல்கிறது. உங்கள் அக்கா சொல்லும் பிசாசு இதைவிட எவ்வளவோ பெரியது. ஒரு பிள்ளை நெற்றியில் திருநீறு பூசினால் உள்ளே வந்துவிடும், ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் அதைத் தடுக்காது, ஒரு குறிப்பிட்ட பாஸ்டர் வந்தால்தான் போகும். இவ்வளவு பலம் பிசாசுக்கு எங்கிருந்து வந்தது? இது நம்பிக்கை கூடினதால் வந்த பேச்சு அல்ல, பயம் கூடினதால் வந்தது.

கோணேசர் கோயில் விஷயத்தில் அக்கா பவுலைக் காட்டுவார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடல் 10ஆம் அதிகாரத்தில், மற்றவர்கள் பலியிடுவது பேய்களுக்கே என்ற வரி இருக்கிறது. உண்மைதான். ஆனால் அதே மடலின் 8ஆம் அதிகாரத்தில் சிலை என்பது ஒன்றுமே இல்லை என்கிறார் அதே பவுல். 10ஆம் அதிகாரத்திலேயே கொஞ்சம் கீழே வந்தால், நம்பிக்கையில்லாதவர் விருந்துக்கு அழைத்தால் போங்கள், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். பிள்ளை சிநேகிதிகளோடு கோட்டைக்குள்ளால் நடந்து, மான்களைப் பார்த்துக்கொண்டு மலையேறி, அவர்கள் பூசியதைத் தானும் பூசியிருக்கிறாள். அது சரியா பிழையா என்று ஒரு கத்தோலிக்கத் தாய் மகளோடு கதைக்கலாம், அது உங்கள் வீட்டு விஷயம். அதற்கும் தூக்க முடக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த ஊரில் அயலவரின் சாமியைப் பிசாசு என்று சொல்வதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1620களில் போர்த்துக்கேயர் அந்த மலைக் கோயிலை இடித்து அதன் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கும் முன், இன்று பிரட்றிக் கோட்டை எனப்படும் அந்தக் கோட்டையின் வாசலை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

நோயையும் பிசாசையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மருத்துவம் புதிதாகக் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டாம். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலில் பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் வேறு, திமிர்வாதக்காரர் வேறு. (எங்கள் பழைய மொழிபெயர்ப்புச் சொற்கள் இவை. சந்திரரோகம் என்றது வலிப்பை.) நேர்மையாகச் சொன்னால், 17ஆம் அதிகாரத்தில் வலிப்புள்ள ஒரு பையனிடமிருந்து பேயையே ஓட்டுகிறார் இயேசு. ஆகவே அந்தக் கோடு அங்கே எப்போதும் தெளிவாக இல்லை. ஆனால் கோடு ஒன்று உண்டு என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

1614இல் வந்த உரோமைச் சடங்கு நூல் பேயோட்டும் குருவுக்குக் கொடுக்கும் முதல் அறிவுரை, ஒருவரில் பேய் இருக்கிறது என்று இலேசில் நம்பிவிடாதே என்பதுதான். இன்றைய மறைக்கல்வி இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: உளநோய் வேறு விஷயம், அதைக் குணமாக்குவது மருத்துவத்தின் வேலை, பேயோட்டும் முன் அது நோயல்ல என்று உறுதிப்படுத்த வேண்டும். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1172ஆம் இலக்கப்படி ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்ட முடியாது. நினைத்தவர் நினைத்த வீட்டில் கூடி ஒரு பிள்ளையைச் சுற்றி நின்று கத்துவதை உங்கள் திருச்சபையே ஏற்பதில்லை.

பிரான்சில் 1598, 1599 அளவில் மார்த் புரோசியே என்ற பெண்ணைப் பேய் பிடித்ததாக ஊர் ஊராகக் கொண்டு திரிந்தார்கள். ஆஞ்சே நகரத்து ஆயர் அவளைச் சோதித்தார். தீர்த்தம் என்று சொல்லிச் சாதாரணத் தண்ணீரைத் தெளித்தார், அவள் துடித்தாள். பேயோட்டும் மந்திரம் என்று சொல்லி வர்ஜில் என்ற பழைய ரோமக் கவிஞரின் ஒரு வரியை இலத்தீனில் வாசித்தார், அதற்கும் துடித்தாள். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பிறகு பாரிசில் மருத்துவர்கள் பார்த்துவிட்டு எழுதிய தீர்ப்பு: பிசாசினால் ஒன்றுமில்லை, பாசாங்கு நிறைய, நோய் கொஞ்சம். கோவூருக்கு முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் முன்பு, ஒரு ஆயர் கோவூரின் வேலையைச் செய்திருக்கிறார். இதை அக்காவுக்கும் உங்கள் கணவருக்கும் சேர்த்தே சொல்லுங்கள். பிசாசை நம்புகிற ஒருவர், இந்தப் பிள்ளையில் பிசாசு இல்லை என்று சொல்ல முடியும். அதற்கு நம்பிக்கையை விட வேண்டியதில்லை.

அந்த ஆயர் செய்ததைச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜெர்மனியில் அன்னலீஸ் மிக்கேல் என்ற பெண் வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். 1975, 1976இல் அவருக்கு 67 தடவை பேயோட்டினார்கள், அதுவும் ஆயரின் அனுமதியோடு. பெண் சாப்பிடுவதை நிறுத்தினாள், மருத்துவரைக் கூப்பிடவில்லை. 1976 ஜூலை 1ஆம் திகதி, 23 வயதில், பட்டினியாலும் நீரிழப்பாலும் இறந்தாள். பெற்றோரும் இரண்டு குருமாரும் 1978இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்ல, அந்தப் பிள்ளையில் உயிரையே வைத்திருந்தவர்கள். நம் நாட்டில், 2021இல் தெல்கொடையில் பேயோட்டுவதாகச் சொல்லி ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைப் பிரம்பால் அடித்தார்கள், பிள்ளை செத்துப்போனது. கூட்டிக்கொண்டு போனது தாய்.

இவை எல்லை மீறிய சம்பவங்கள்தான், எல்லா ஜெபக்கூட்டமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்கா சொல்லும் மூன்று நாள் உபவாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பசி, இரவு விழிப்பு, சத்தம், பயம். தூக்க முடக்கத்தைக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் முடிந்து களைத்துப் படுக்கும் பிள்ளைக்கு அது இன்னும் பலமாக வரும். வந்தால் என்ன சொல்வார்கள்? பிசாசு எதிர்க்கிறது, இன்னும் ஏழு நாள் இருங்கள் என்பார்கள். வராவிட்டால் ஜெபம் வென்றது என்பார்கள். எப்படி விழுந்தாலும் பிசாசு இருந்தது என்றே முடியும் ஒரு சோதனையைச் சோதனை என்று சொல்ல முடியாது.

பிள்ளையின் மனதில் விழும் பாரம் இன்னொன்று. நீ கதவைத் திறந்துவிட்டாய் என்ற வசனத்தை நான் கிளினிக்கில் பலமுறை கேட்டிருக்கிறேன். நோயோடு வருகிறவர் நோயைவிட அந்த வசனத்தைத்தான் அதிகம் சுமந்துகொண்டு வருகிறார். பிறவியிலேயே கண் தெரியாதவனைக் காட்டி இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9ஆம் அதிகாரம். அக்காவோடு வேத வசனத்தில் போட்டி வந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் கேட்பீர்கள். தீமை என்பது தனித்தனி மனிதர்களின் பிழைகளைக் கூட்டி வரும் தொகையைவிடப் பெரியதாக நிற்கும் தருணங்கள் உண்டு என்று நான் நினைக்கிறேன். இந்த நாட்டில் என் வயதில் வாழ்ந்த ஒருவருக்கு வேறு மாதிரி நினைப்பது கஷ்டம். பிசாசைப் பற்றிய கிறிஸ்தவப் போதனை அந்த அனுபவத்தைத் தொடுகிறது, அதனால்தான் என்னால் அதைத் தூக்கி எறிய முடியவில்லை. அதே காரணத்துக்காகத்தான் அந்தப் பெயரைச் சும்மா எடுக்கவும் எனக்குப் பயம். 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அன்று சாத்தானின் வேலை என்று சொன்னவர்களை நான் அறிவேன். துயரத்தில் வந்த வார்த்தை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாத்தானை யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது. துவக்கைப் பிடித்தவருக்குப் பெயர் உண்டு. கிளினிக்கிலும் எனக்கு அதே நிலைப்பாடுதான். தூக்கக் குறைவு, வலிப்பு, மனச்சிதைவு, சொல்ல முடியாத ஒரு வீட்டு ரகசியம், இப்படிப் பெயர் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருக்கும்போது பிசாசின் பெயரை எழுதினால் அந்தக் காரணம் தப்பிவிடும். அப்படி எழுத வேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை.

இனிச் செய்ய வேண்டியது. மகளைத் தனியாக இருத்தி, மேலே தூக்க முடக்கத்தைப் பற்றி எழுதியதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். வரும்போது உடம்பு முழுவதையும் அசைக்கப் போராட வேண்டாம், ஒரு கால் விரலையோ கை விரலையோ மட்டும் அசைக்கப் பார்க்கட்டும், மூச்சை இயல்பாக விடட்டும், இது போய்விடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளட்டும். ஜெபம் சொல்ல விரும்பினால் சொல்லட்டும், அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரத்துக்குள் அது விட்டும்விடும். பக்கவாட்டில் படுக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்புவதாக, ஏழு எட்டு மணித்தியாலம் தூக்கம் வரும்படி ஒழுங்கு செய்யுங்கள். விடியற்கால வகுப்புகளில் ஒன்றை நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்துங்கள், பரீட்சைக்கும் அது நல்லதுதான். இரவில் தேத்தண்ணியும் போனும் வேண்டாம். சின்ன லைட் எரியட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு காலையும் ‘இன்றைக்கும் வந்ததா’ என்று கேட்காதீர்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பகலில் முழு விழிப்பில் குரல்கள் கேட்பது, யாரோ தன்னைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது, உடம்பு வெட்டி இழுப்பது, நாக்கைக் கடிப்பது, சாப்பாட்டை விடுவது, பகலில் திடீர் திடீரெனத் தூங்கி விழுவது, வாழ்வதில் பயனில்லை என்று பேசுவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பொது வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு உடனே கூட்டி வாருங்கள். இரவில் அவசரமாக யாரோடாவது கதைக்க வேண்டுமானால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

அக்காவோடு சண்டை வேண்டாம். அவர் பிள்ளையில் உள்ள பாசத்தில்தான் ஓடித் திரிகிறார். வீட்டுக்கு வந்து, நீங்களும் பக்கத்தில் இருக்க, மெதுவாக ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிள்ளைக்கு உபவாசம் இல்லை, யாரும் பிடித்து அமுக்கக் கூடாது, பிசாசே உன் பெயரென்ன என்று அவளிடம் கேட்கக் கூடாது, கோயிலைப் பற்றிய பேச்சும் கூடாது. இதற்குச் சம்மதமில்லை என்றால் ஜெபத்தைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும், கடவுளுக்கு அங்கிருந்தும் கேட்கும். உங்களுக்கு மனது ஆறவில்லை என்றால் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வீட்டை மந்திரித்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை, நான் சொன்ன எதற்கும் அது தடையும் இல்லை.

மூன்று கிழமை இப்படி நடத்திப் பாருங்கள். குறையவில்லை என்றால் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். அவளுடைய அப்பாவும் வர வேண்டும், விருப்பமென்றால் அக்காவும் வரட்டும். ஆனால் முதல் அரை மணித்தியாலம் பிள்ளையோடு நான் தனியாகக் கதைப்பேன், நீங்கள் மூன்று பேரும் வெளியே வாங்கில் இருக்க வேண்டும்.